யாருடைய காவல்? திண்டிவனம் வட்டாரமும் பழமைவாதத்தின் உட்பூசல்களும்

1929இல் குழந்தை மணத் தடை மசோதா மத்திய சட்டசபையில் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்சத் திருமண வயதை அது நிர்ணயித்தது. அதை விடாப்பிடியாக எதிர்த்தவர்களில் எம்.கே. ஆச்சார்யாவும் ஒருவர். தென்னார்க்காடும் செங்கல்பட்டும் சேர்ந்த கிராமப்புறத் தொகுதியின் உறுப்பினர் அவர். ஒலக்கூரும் திண்டிவனமும் அச்சிறுபாக்கமும் அந்தப் பரப்புக்குள் அடங்கும். சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு இருந்த காலம் என்பதால் ஊர் முழுவதன் குரலாக அவரைக் கொள்ள முடியாது. ஆனாலும் அவர் வாதம் தெளிவானது. கல்யாணம் சாஸ்திரத்துக்கும் குடும்பத்துக்கும் உட்பட்ட காரியம், சர்க்காருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். எண்பது ஆண்டுகள் கழித்து அதே வட்டாரத்தைத் தளமாகக் கொண்ட பாட்டாளி மக்கள் கட்சி, 21 வயதுக்குள் நடக்கும் திருமணத்துக்குப் பெற்றோர் சம்மதத்தைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்க வேண்டும் என்று கோரியது. இரண்டு நிலைப்பாடுகளையும் எதிராளிகள் பிற்போக்கு என்றார்கள்; ஆதரவாளர்கள் பண்பாட்டைக் காக்கும் முயற்சி என்றார்கள். எல்லோரும் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. ஆச்சார்யா அரசைக் கல்யாண வீட்டு வாசலிலேயே நிறுத்தினார். அந்தக் கட்சியின் நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் அதை உள்ளே அழைத்தார்.

பழமைவாத அரசியல் என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் உண்மையில் நடக்கும் சண்டை இந்த வாசலில்தான் நடக்கிறது என்பது என் வாதம். எதைக் காக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும்: குடும்பம், தெய்வம், நிலம், ஒழுக்கம், பெரியவர்களுக்கு அடங்கி நடப்பது. யாரைக் காவலுக்கு வைப்பது என்று கேட்கும்போது பட்டியல் சிதறுகிறது. சிலர் மடத்தையும் சம்பிரதாயத்தையும் காவலாக வைக்கிறார்கள், சிலர் சொத்துரிமையை, சிலர் சாதிச் சங்கத்தை. அரசையே காவலாக வைப்பவர்களும் உண்டு. ஒருவருக்குக் காவலாகத் தெரிவது இன்னொருவருக்குத் திருடனாகத் தெரியும். இந்தப் பிளவு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1846இல் ராபர்ட் பீல் தானிய இறக்குமதிச் சட்டங்களை நீக்கியபோது பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி நிலவுடைமைக்கும் வணிக சுதந்திரத்துக்கும் நடுவே இரண்டாக உடைந்தது. சந்தைச் சுதந்திரத்தின் பெரிய வழக்கறிஞரான ஹயக் 1960இல் எழுதிய நூலின் முடிவில், தான் ஏன் பழமைவாதி அல்ல என்று தனியாக ஒரு கட்டுரையே சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கெல்லாம் இந்தப் போக்குகள் காலப்போக்கில் ஒரே கட்சிக்குள் வந்து உட்கார்ந்தன. தமிழ்நாட்டில் அவை உட்காரவில்லை. ஏன் என்பதைக் கோட்டையில் இருந்து பார்ப்பதைவிடத் திண்டிவனத்தில் இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரிடமிருந்து தொடங்குவதே முறை. 1895இல் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர், அதாவது இன்றைய கணக்கில் முதல்வர். நாடு விடுதலை பெற்றபோது மாகாணத்தின் பொறுப்பு அவர் கையில் இருந்தது. ரமண மகரிஷியிடம் பக்தி கொண்டவர். பதவி விலகிய பிறகு வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் தொண்டு செய்தவர். ஆசாரம், சிக்கனம், தெய்வ நம்பிக்கை என்று எந்த அளவுகோலை எடுத்தாலும் பழமையில் ஊறிய மனிதர். அவருடைய இரண்டே ஆண்டு ஆட்சியின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் திகைப்பாக இருக்கும். தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவுகளைத் திறந்த ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் நடைமுறைக்கு வந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. முத்துலட்சுமி ரெட்டி 1930இல் மசோதாவாக முன்வைத்த காரியம் அது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. அரசு வேலைக்கான வகுப்புவாரி ஆணை 1947இல் திருத்தப்பட்டு, 14 இடங்களில் 2 இடங்கள் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கென்று முதன்முறையாகத் தனியே ஒதுக்கப்பட்டன. கோயில்களையும் மடங்களையும் அரசின் நேரடிக் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் மசோதாவும் அவர் காலத்தில்தான் உருப்பெற்றது. அவரைத் ‘தாடியில்லாத ராமசாமி’ என்று எதிரிகள் கேலி செய்ததாகச் சொல்லப்படுவதுண்டு.

கேலியில் சாமர்த்தியம் இருக்கிறது, உண்மை இல்லை. தாடியுள்ள ராமசாமியான பெரியாரின் கருஞ்சட்டைப் படையை 1948இல் தடை செய்ததும், பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்து எதிர்ப்பைச் சம்பாதித்துக் கொண்டதும் இதே ஓமந்தூரார் ஆட்சிதான். பெரியார் கோயிலைத் தேவையற்ற இடமாகப் பார்த்தார். ஓமந்தூரார் அதை அழுக்கடைந்த இடமாகப் பார்த்தார். அழுக்கைப் போக்கினால் நிற்கும் என்று நம்பினார். தர்மகர்த்தாவும் மடாதிபதியும் தங்கள் கடமையை மறந்தால் தெய்வத்தின் சொத்தைக் காக்க வேறு யார் வருவது? அவருக்குக் கிடைத்த விடை அரசு. இங்கே முதல் ஆட்சேபம் எழும்: இப்படிப்பட்டவரைப் பழமைவாதி என்று எப்படிச் சொல்வது, சீர்திருத்தவாதி என்பதல்லவா சரி? இந்த ஆட்சேபத்துக்குப் பின்னால், மாற்றத்தை எதிர்ப்பதுதான் பழமைவாதம் என்ற எண்ணம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதிய எட்மண்ட் பர்க்கே, மாறிக்கொள்ளும் வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்ற கருத்துடையவர். மாற்றத்தின் அளவு இங்கே கேள்வி அல்ல, அதன் நோக்கம்தான் கேள்வி. ஓமந்தூரார் செய்த ஒவ்வொரு மாற்றமும், பெரியாரைப் போன்றவர்கள் மொத்தத்தையும் தூக்கிப் போடுவதற்கு முன்பு உள்ளே இருப்பவர்களே சரி செய்துகொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் செய்யப்பட்டது. ஜமீன் ஒழிப்பையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். தென்னார்க்காடு பெரும்பாலும் ரயத்துவாரி மாவட்டம். அரசுக்கு நேரே தீர்வை கட்டும் பட்டாதாரரின் கண்ணில் ஜமீன்தார் இயற்கையான தலைவர் அல்ல, நடுவில் நுழைந்த இடைத்தரகர். ஜமீனை ஒழிப்பது அவர் வர்க்கத்துக்குப் புரட்சியாகத் தெரிந்திருக்காது. பட்டாவின் ஒழுங்கை மாகாணம் முழுக்கப் பரப்புவதாகவே தெரிந்திருக்கும்.

அரசைக் காவலாக வைத்த இந்த வழியை மடங்கள் ஏற்கவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. திண்டிவனத்தில் இருந்து சற்றுத் தொலைவில், மயிலம் மலைமேல் முருகன் கோயில் இருக்கிறது. அதை நிர்வகிப்பது பொம்மபுர ஆதீனம் என்ற வீரசைவ மடம். வழிவழியாகப் பட்டமேற்கும் சுவாமிகள் கோயிலைப் பார்த்துக்கொள்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சுற்று வட்டாரமே திரளும். அதே மடத்தின் பெயரால் நடக்கும் தமிழ்க் கல்லூரியில் படித்துப் புலவர் பட்டம் வாங்கியவர்கள் வட தமிழகத்துப் பள்ளிக்கூடங்களில் தமிழாசிரியர்களாக இருந்திருக்கிறார்கள். சாதிச் சங்கமும் இல்லை, சர்க்காரும் இல்லை; ஒரு மடம் தன் மரபின் தர்க்கப்படி மொழியையும் வழிபாட்டையும் கைமாற்றி விட்டிருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனத்தைப் பார்த்து, உன் கணக்குப் புத்தகத்தை ஓர் அதிகாரி தணிக்கை செய்வார், தேவைப்பட்டால் உன் இடத்தில் வேறொருவரை நியமிப்பார் என்று சொன்னால் அதற்கு அச்சம் வரத்தான் செய்யும். ஓமந்தூரார் காலத்தில் உருப்பெற்ற அந்த மசோதா 1951இல் குமாரசாமி ராஜா ஆட்சியில் சட்டமானது. தென் கன்னடத்து சிரூர் மடம் வழக்குக்குப் போனது. 1954இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்புக்கும் பாதிப் பாதி கொடுத்தது. சொத்து நிர்வாகத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம். மதத்தின் சாரமான விஷயங்களில் அந்தப் பிரிவினரின் முடிவே இறுதி. சட்டத்தின் பல பிரிவுகள் விழுந்தன. வருமானத்தில் 5% வரை வசூலிக்கும் ஏற்பாடு கட்டணம் அல்ல, வரி என்று சொல்லி அதையும் நீதிமன்றம் தள்ளியது. ஆனால் எது சாரம், எது ஓரம் என்று பிரித்துச் சொல்லும் வேலை அன்றிலிருந்து நீதிபதியின் தலையில் விழுந்தது. மதத்தை அரசிடம் இருந்து காப்பாற்றப் போனவர்கள் அரசின் இன்னோர் அங்கத்தைச் சாஸ்திர விற்பன்னராக ஆக்கிவிட்டு வந்தார்கள். இதை வெற்றி என்று இரு தரப்பும் கொண்டாடியதுதான் வேடிக்கை.

அடுத்த சரடு ராஜாஜி. அவரை ஓமந்தூராரோடு ஒரே கட்டத்தில் போடுவது பலருக்கும் வழக்கம்: இருவரும் காங்கிரஸ், காந்தியம், மதுவிலக்கு, பக்தி. ஆனால் அரசைப் பற்றிய ராஜாஜியின் சந்தேகம் ஓமந்தூராரிடம் இல்லை. அந்தச் சந்தேகம் அவருக்கே மெல்ல மெல்ல வந்ததுதான். 1937இல் முதல்முறை பதவிக்கு வந்து சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவர், கலால் வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஒழுக்கத்துக்காக மாநிலத்தின் வரி வலையை விரித்தவர் அவர். 1952இல் மறுபடி முதல்வரானபோது முதலில் செய்த பெரிய காரியம் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தது. ரேஷன் அதிகாரியைவிட வியாபாரியும் விவசாயியும் சேர்ந்து விலையைச் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பினார்; பெரிய அளவில் அது பலித்தது. அடுத்த ஆண்டே, பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் பெற்றோரின் தொழில் என்ற தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பி, 1954 ஏப்ரலில் காமராஜருக்கு வழிவிட்டு விலகினார். அரிசிச் சந்தையில் ஒவ்வொருவரும் தன் போக்கில் தேர்ந்தெடுக்கட்டும் என்றவர், அப்பன் தொழிலைப் பிள்ளை பார்த்துக் கற்கட்டும் என்றார். முரண்பாடு என்று கேலி செய்வது எளிது. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கொள்கைதான்: மேலிருந்து போடும் திட்டத்தைவிடக் கீழே ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஏற்பாடு நம்பத் தகுந்தது. சந்தையும் அப்படி ஓர் ஏற்பாடு, குலத்தொழிலும் அப்படித்தான். சந்தையில் நுழையவே விடாமல் குலத்தொழில் ஒருவனைத் தடுக்கும் என்பதை இந்தக் கொள்கையால் பார்க்க முடியவில்லை.

பார்க்க முடியாதது அது மட்டுமல்ல. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. ராஜாஜி ஆட்சி அமைக்கக் கை கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் வட தமிழகத்து வன்னியர் கட்சிகள்: ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள், மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சிக்கு 6. நாயகர் அமைச்சரானார், படையாட்சியார் பின்னர் காமராஜர் அமைச்சரவைக்குப் போனார். கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்த ராஜாஜி, சாதி அடிப்படையில் திரண்ட உழவர் கட்சிகளின் தயவில் நின்றார். அந்த ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த அவசரச் சட்டம் ஒன்று இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் இஷ்டப்படி வெளியேற்றக் கூடாது, விளைச்சலில் இவ்வளவு பங்கு தர வேண்டும் என்று அது மிராசுதாரர்களின் கையைக் கட்டியது. மிராசுதாரர்கள் கொதித்தார்கள். சொத்துரிமையைப் போற்றியவர் ஏன் அதைச் செய்தார்? கீழத்தஞ்சையில் செங்கொடி பறந்துகொண்டிருந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுக்காவிட்டால் எல்லாமே போய்விடும் என்ற முன்யோசனை. பழமைவாதத்தின் மிகச் சிறந்த குணம் இந்த நிதானம்தான் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வார்கள். சட்டத்தின் எல்லையைப் பார்த்தால் நிதானத்தின் எல்லையும் தெரியும்: அது தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் போடப்பட்டது.

தென்னார்க்காட்டிலும் படியாள் முறை இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து இருவேல்பட்டு அதற்கு நல்ல சான்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களில் அதுவும் ஒன்று. பெருநிலம் ஒரு ரெட்டியார் குடும்பத்தின் கையில். உழைப்பு பறையர் சேரியின் படியாட்களுடையது. முன்பணம் வாங்கியவர் கடன் தீரும்வரை ஒரே வீட்டுக்குக் கட்டுப்பட்டவர். பிற்கால ஆய்வாளர்கள் அதே ஊருக்கு மீண்டும் மீண்டும் போனார்கள். 1980களில் குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ் குழுவினர். ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் நிலவுடைமைக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், தலித்துகள் வெளிவேலை, கல்வி, அரசு நலத்திட்டங்கள் ஆகியவற்றின் பலத்தில் பெருமளவு விடுபட்டதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். மாகாணத்தின் தலைமைப் பதவியில் திண்டிவனம்காரர் இருந்த 1947–49இலும் சரி, ராஜாஜி இருந்த 1952–54இலும் சரி, இந்தப் படியாளுக்கென்று ஒரு சட்டம் வரவில்லை. தென்னார்க்காட்டின் நிலக்கடலைக் கொல்லையில் செங்கொடி இல்லை. அதனால் நிதானத்துக்கும் அங்கே வேலை வரவில்லை. மதத்தின் பெயரால், சொத்தின் பெயரால், ஒழுக்கத்தின் பெயரால் ஒருவரோடு ஒருவர் இத்தனை சண்டை போட்ட சரடுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டையில்லாமல் அமைதியாக இருந்தன. பழமைவாதிகள் எதில் பிளவுபட்டார்கள் என்று ஆராய்பவர்கள் எதில் பிளவுபடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

1959இல் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டதும் ராஜாஜியின் சந்தேகம் ஒரு கட்சியாகவே ஆனது. சுதந்திராக் கட்சி அந்த ஆண்டில் பிறந்தது. பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ் என்று அவர் வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கட்சியின் தலைவர் என்.ஜி. ரங்கா, முப்பதுகளில் ஆந்திரத்தில் ஜமீன் ஒழிப்புக்காகக் குடியானவர்களைத் திரட்டியவர். பொதுச்செயலர் மினூ மசானி, சோஷலிசத்தில் தொடங்கிச் சந்தைச் சுதந்திரத்துக்கு வந்த பம்பாய்க்காரர், மதச் சடங்குகளில் ஈடுபாடற்றவர். அவர்களோடு ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, பீகாரில் பெரும் ஜமீனை வைத்திருந்த ராம்கர் ராஜா. ஜமீன்தாரை எதிர்த்து வளர்ந்தவரும் ஜமீன்தாரும் ஒரே மேடையில். இவர்களை இணைத்தது அரசைக் கண்ட பயம் ஒன்றுதான். மற்றதில் ஒத்துப்போக முடியாது என்பதைக் கட்சியே அறிந்திருந்தது. அடிப்படைக் கொள்கைகளாக வகுத்த 21இல் கடைசியானது, இந்தக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள எல்லாவற்றிலும் உறுப்பினர்கள் தத்தம் கருத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது. ராஜாஜி உயிருக்கு உயிராக நினைத்த மதுவிலக்கும் அந்த வெளியில்தான் விழுந்தது. 1967இல் மக்களவையில் 44 இடங்கள், சென்னைச் சட்டசபையில் திமுக கூட்டணியில் 20. அத்தோடு சரிவு. அந்தக் கூட்டணியால் 1967இல் ஆட்சிக்கு வந்திருந்த திமுக 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி கொட்டும் மழையில் முதல்வர் கருணாநிதியைத் தேடிப்போய் வேண்டாம் என்று கேட்டார். சந்தையை விடுவிக்கச் சொன்ன அதே வாய் சாராயக்கடையைச் சட்டத்தால் மூடி வைக்கச் சொன்னது. சுதந்திராக் கட்சியை ஆராய்ந்து எழுதிய ஹோவர்ட் எர்ட்மன் முதல் பலரும், அது நிலைக்காததற்குச் சமஸ்தானங்களின் சொந்தக் கணக்கு, பணபலம், காங்கிரசின் பெரும் உருவம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் காவல்காரர் யார் என்பதில் முடிவில்லாத ஒரு கட்சி, அரசு வேண்டாம் என்பதோடு நின்றுவிடும். அரசு வேண்டாம் என்பது ஏழை நாட்டில் ஓட்டு வாங்கும் கோஷம் அல்ல.

இந்த இடத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்று காத்திருக்கிறது. மடம், சந்தை, அரசு என்று தத்துவ வகைகளை எதற்காக அடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சாதி அல்லவா? ஐயங்கார் அரசை வெறுத்தது வகுப்புவாரி ஆணையால் வேலை போனதால், ரெட்டியார் ஜமீனை ஒழித்தது பட்டாதாரர் என்பதால் என்று முடித்துவிடலாமே? இதில் பாதிக்கு மேல் உண்மை. கல்லூரிச் சேர்க்கைக்கான வகுப்புவாரி ஆணையை எதிர்த்துப் போன செண்பகம் துரைராஜன் வழக்கும், 1951இல் அந்த ஆணை விழுந்ததும், சட்டத்தின் முன் தனிமனிதர் என்ற வாதம் யாருக்கு எப்போது இனிக்கிறது என்பதைக் காட்டும். ஆனால் சாதி ஒருவரை எந்தத் தெருவில் நிறுத்தும் என்று சொல்லும். அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்கும் சண்டையைச் சொல்லாது. தேவதாசி ஒழிப்பைச் சத்தியமூர்த்தி எதிர்த்தார். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றவர் வைத்தியநாத ஐயர். அதைச் சட்டத்தால் பாதுகாத்தவர் ராஜாஜி. ஆச்சார்யா சர்க்காரே வேண்டாம் என்றார். நால்வரும் பிராமணர்கள், நால்வரும் காங்கிரசில் இருந்தவர்கள். இவர்களைப் பிரித்தது சாதி அல்ல. தர்மத்தின் காவலை எவரிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன வெவ்வேறு விடைகள்தான்.

சாதியே காவலாக முன்வரும் சரடு வேறு வகையானது. அதன் வரலாறும் இந்த மண்ணில்தான் அடர்த்தியாக இருக்கிறது. திண்டிவனத்தை அடுத்த கீழ்ச்சிவிரியில் பிறந்த ராமதாஸ் 1980இல் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். 1987 செப்டம்பரில் ஒரு வாரம் நடந்த சாலை மறியலில் ஜி.எஸ்.டி. ரோடுதான் களம், ஒலக்கூரையும் திண்டிவனத்தையும் விக்கிரவாண்டியையும் தொட்டுப் போகும் அந்த வழியை மறித்தால் சென்னைக்கும் தெற்குக்கும் தொடர்பு அறும். 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20% இடஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு பாட்டாளி மக்கள் கட்சியும் பிறந்தது. பெரியார், அம்பேத்கர், மார்க்ஸ் மூவரையும் வழிகாட்டிகளாக வைத்த கட்சி மதுக்கடையை மூடச் சொன்னது, சினிமாவில் புகைபிடிக்கும் காட்சியை எதிர்த்தது. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் தலித் குடியிருப்புகள் தீக்கிரையான பிறகு, காதல் திருமணங்களுக்கு எதிரான அதன் பிரச்சாரம் வேகமெடுத்தது. ஒதுக்கீடு கேட்கும்போது முற்போக்கு, கல்யாணத்தில் பிற்போக்கு என்று கட்சியை இரண்டாக வெட்டிப் பார்ப்பது விமர்சகர்களின் பழக்கம். அப்படி வெட்டத் தேவையில்லை. இரண்டிலும் கேட்கப்படுவது ஒன்றே: சமூகம் ஓர் உடம்பு, அந்த உடம்பின் கல்விக்கும் வேலைக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும், அந்த உடம்பின் எல்லைக்கும் அரசே காவல் நிற்க வேண்டும். மடத்துப் பழமைவாதியும் சந்தைப் பழமைவாதியும் இதைக் கேட்டால் மிரண்டு போவார்கள். ஓமந்தூரார்கூட மிரண்டிருப்பார், அவர் அரசைக் கூப்பிட்டது உள்ளே இருப்பவரைத் திருத்துவதற்கு.

இந்த நான்கு காவல்களும் ஒரே வாசலில் மோதிக்கொண்ட இடம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதி. அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் 2023இல் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் பலிக்காமல் ஜூன் மாதம் வருவாய்த் துறையினர் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். வன்னியர் தரப்பில், இது தங்கள் சமூகத்தின் சொந்தக் கோயில், பொதுக் கோயில் அல்ல என்றார்கள். அறநிலையத் துறை, தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள கோயில் என்றது. நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். சொந்தக் கோயில் என்ற வாதம் புதிதல்ல. ஓமந்தூரார் காலத்து ஆலயப் பிரவேசச் சட்டத்தை மூல்கி வெங்கடரமணர் கோயிலின் கௌட சாரஸ்வதர்கள் இதே வாதத்தோடுதான் எதிர்த்தார்கள். ஒரு பிரிவினரின் கோயில்களும் அடங்கும்படி சட்டத்தின் வரையறை 1949இல் விரிக்கப்பட்டது. 1957இல் உச்ச நீதிமன்றம், அது அந்தப் பிரிவினரின் கோயில்தான் என்று ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட சில சடங்குகளை அவர்களுக்கு மட்டும் விட்டுவிட்டு, மற்ற நேரங்களில் எல்லா இந்துக்களுக்கும் கதவைத் திறக்கச் சொன்னது. கோயில்களை விட்டு அரசு வெளியேற வேண்டும் என்று இன்று கோருகிறவர்கள், 2014இல் சிதம்பரம் நடராசர் கோயில் நிர்வாகம் பொது தீட்சிதர்களிடம் திரும்பியதை முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். சிதம்பரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு சம்பிரதாயம் இருந்தது, மயிலத்தில் ஒரு மடம் இருக்கிறது. மேல்பாதியில் அறநிலையத் துறை சாவியை வைத்துவிட்டுப் போனால் அதை எடுக்கப் போவது ஊரின் பெரும்பான்மைச் சாதி. அரசு வெளியேறட்டும் என்பவர்கள் அந்தச் சாவியைப் பற்றி இதுவரை பேசவில்லை.